தகடு அறுக்கும் லேசர் ஒளி: எந்த வேலைக்கு எந்த வகை?

களையெடுக்கும் கருவியின் தகடுகளையும் கதிரடிக்கும் இயந்திரத்தின் பாகங்களையும் உளியாலும் கத்திரியாலும் வாயுச் சுடராலும் வெட்டுவதை நாம் அறிவோம். இன்று பல தொழிற்சாலைகளில் இவ்வேலையை லேசர் ஒளி செய்கின்றது. கண்ணாடி வில்லையால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைக் கருக்குவதை ஒத்ததே இதுவும். லேசர் ஒளியை மயிரிழையளவான புள்ளியில் குவித்தால் இரும்பும் உருகும். உருகியதை வாயு ஊதித் தள்ளுகின்றது.

விவசாயிகள் சேர்ந்து பட்டறை அமைக்க எண்ணும்போது, ‘லேசர் இயந்திரம்’ என்ற பெயரை மட்டும் நம்பி முன்பணம் கொடுத்துவிடலாகாது. மரப்பலகையை அழகாக அறுக்கும் இயந்திரம் இரும்புத் தகட்டின் முன் ஒன்றுக்கும் உதவாமற் போகலாம்.

முதல் வகை கரியமில வாயு லேசர். 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இதனை உருவாக்கியவர் குமார் பட்டேல். மகாராஷ்டிரத்துப் பாராமதியிற் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை. இவ்வொளியின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். மரம், தோல், துணி, அக்ரிலிக் ஆகியவை இதனை நன்கு ஈர்த்துக்கொள்ளும். பளபளப்பான உலோகமோ பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆயினும் 1967-இல் இங்கிலாந்தில் பீட்டர் ஹோல்டுகிராப்ட் என்பார், 300 வாட் வாயு லேசருடன் பிராணவாயுவையும் செலுத்தி 1 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை அறுத்துக் காட்டினார். பின்னர் ஆயிரக்கணக்கான வாட் திறனுடைய வாயு லேசர்கள் பெருந்தொழிற்சாலைகளில் எஃகை அறுத்து வந்தன. குறைந்த விலைக்குக் கிடைக்கும் கண்ணாடிக் குழாய் இயந்திரத்திடம் அந்த வலிமையை எதிர்பார்க்க இயலாது.

இரண்டாவது, பட்டறைகளில் ‘பைபர் லேசர்’ எனப்படும் இழை லேசர். மெல்லிய கண்ணாடி இழைக்குள் பிறக்கும் இவ்வொளியின் அலைநீளம் ஏறக்குறைய முன்னதன் பத்திலொரு பங்கே. இரும்பும் எவர்சில்வரும் இதனை மிகுதியாக ஏற்கும். செம்பும் பித்தளையுங்கூட வெட்டுப்படும். வாயு லேசர் உட்கொள்ளும் மின்சாரத்தில் சுமார் பத்திலொரு பங்கே ஒளியாகிறது. இழை லேசரிலோ மூன்றிலொரு பங்கு வரை ஒளியாகிறது. மின்கட்டணம் செலுத்துவோருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை. ஆனால் நிறமற்ற அக்ரிலிக்கினூடே இவ்வொளி அறுக்காமலே கடந்துவிடும். படிக லேசர் என மூன்றாவது வகையும் உண்டு. அறுக்கும் வேலையில் அதன் இடத்தைப் பெரும்பாலும் இழை லேசரே பிடித்துக்கொண்டது.

கருவி வாங்குவோர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. பிராணவாயுவைக் கொண்டு அறுத்த இரும்பின் ஓரத்தில் மெல்லிய ஆக்ஸைடுப் படலம் படியும். அதைத் தேய்த்து நீக்காமல் வண்ணம் பூசினால், அவ்விடத்தில் வண்ணம் உரிந்து துருவேறும். நைட்ரஜன் கொண்டு அறுத்தால் இக்குறை இல்லை, செலவு கூடும்.

இவ்விருவகை ஒளியும் கண்ணுக்குப் புலப்படாதவை. இழை லேசரின் ஒளி சிதறிப் பட்டாலும் விழித்திரையைச் சேதப்படுத்தக்கூடும். ஒருவகைக்குரிய பாதுகாப்புக் கண்ணாடி மற்றதற்குப் பயன்படாது. அதில் பொறித்துள்ள அலைநீளத்தைப் பார்த்தே வாங்க வேண்டும். பாசனக் குழாய்க்குரிய பி.வி.சி.யை எந்த லேசரிலும் அறுக்கக் கூடாது. அதிலிருந்து எழும் ஹைட்ரஜன் குளோரைடு புகை நுரையீரலையும் புண்ணாக்கும், இயந்திரத்தையும் அரித்துவிடும்.