முடிவிலியை அளத்தல்

நுழையும்முன்
எல்லையின்றி நீளும் ஒன்றுக்கு அளவு உண்டா? இல்லை என்றே மனம் சொல்லும். ஆயினும், முடிவின்றி நீளும் ஓர் உருவத்தின் கனஅளவு முடிவுள்ளதாக இருக்கலாம் என்பதை இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி, 1644இல் வெளியிட்ட நூலில் நிறுவினார்.

ஒருங்குதலும் விரிதலும்
முடிவிலி ஓர் எண் அன்று. அதனை நேரே பிரதியிட இயலாது. ஆகவே, மேல் எல்லையாக 'ப' என்னும் எண்ணைக் கொண்டு தொகையிட்டு, பின்னர் 'ப'வை வரம்பின்றிப் பெருகவிட வேண்டும். விடை ஒரு முடிவுள்ள எண்ணை நெருங்கினால் அம்முறையற்ற தொகையீடு ஒருங்கும், இல்லையெனில் விரியும்.

எடுத்துக்காட்டு 1
1/க² என்னும் சார்பை 1 முதல் ப வரை தொகையிட, 1 – 1/ப கிடைக்கும். ப = 10, 100, 1000 எனில் விடை 0.9, 0.99, 0.999. இது 1ஐ நெருங்குவதால் தொகையீடு ஒருங்கும்.

எடுத்துக்காட்டு 2
1/க என்னும் சார்புக்கு விடை, ப-இன் இயல் மடக்கை. அதே மதிப்புகளுக்கு ஏறத்தாழ 2.303, 4.605, 6.908. வளர்ச்சி மிக மெதுவானது; விடை 100ஐக் கடக்க, ப 44 இலக்க எண்ணாக வேண்டும். எனினும் வளர்ச்சி நிற்பதில்லை, தொகையீடு விரியும்.

இரு வளைவரைகளும் சுழியத்தை நெருங்குகின்றன. நெருங்குவது மட்டும் போதாது; போதிய விரைவுடன் நெருங்க வேண்டும். பகுதியிலுள்ள க-இன் அடுக்கு 1ஐ விட மிகுந்தால் ஒருங்கும். 1 அல்லது அதற்குக் குறைவெனில் விரியும்.

1/க வளைவரையை அச்சைப் பற்றிச் சுழற்றினால் எக்காளம் போன்ற உருவம் தோன்றும். அதன் வெட்டுமுகப் பரப்பு பை/க². எனவே, வளைவரையின் கீழ்ப்பரப்பு முடிவற்றதாயினும், எக்காளத்தின் கனஅளவு பை மட்டுமே.

பிழை தவிர்க்க
1/க² சார்பை –1 முதல் 1 வரை தொகையிடுமாறு கேட்டால், சிலர் –1/க-இல் எல்லைகளைப் பிரதியிட்டு –2 என்பர். எங்கும் மிகை மதிப்புடைய சார்பு குறை விடையைத் தருமா? இடைவெளியின் நடுவே, க = 0இல் சார்பு வரையறுக்கப்படவில்லை. அவ்விடத்தில் இரண்டாகப் பிரித்து நோக்கினால், ச முதல் 1 வரையிலான விடை 1/ச – 1. ச சுழியத்தை நெருங்க, இது வரம்பின்றிப் பெருகும். ஆகவே தொகையீடு விரியும். தொகையிடும் முன் இடைவெளி முழுவதையும் ஆராய்தல் இன்றியமையாதது.

கற்பவை கற்றபின்
1. 1/√க என்னும் சார்பின் தொகையீடு 0 முதல் 1 வரை ஒருங்குமா? 1 முதல் முடிவிலி வரை ஒருங்குமா?
2. இவ்விரு விடைகளும் வேறுபடுவதன் காரணத்தை விளக்குக.