பொடியானாலும் அடையாளம் சொல்லும் மூலிகை



செடியாக நிற்கும் கீழாநெல்லியை நம்ம ஊர்ப் பாட்டிகளே காட்டிவிடுவார்கள். இலைக்கு அடியில் காய் வரிசையாகத் தொங்கும். அதையே காயவைத்து இடித்துச் சலித்துவிட்டால்? எல்லாப் பொடியும் ஒரே மாதிரிதான்! தென்னிந்தியக் கடைகளில் கீழாநெல்லியை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வில், 76 சதவீத மாதிரிகளில்தான் சரியான இனம் இருந்தது. மீதியில் அதே குடும்பத்தின் வேறு ஐந்து இனங்கள்!

ஆள் மாறினால் என்ன ஆகும்? பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் உடல் மெலிய மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டது. ‘ஸ்டெஃபானியா’ வேருக்குப் பதிலாக ‘அரிஸ்டலோகியா’ வேர் கலந்திருந்தது. சீன மொழியில் இரண்டின் பெயரும் ‘ஃபாங் ஜி’ என்றே முடியும். பெயர்க் குழப்பம் உயிருக்கே உலை வைத்தது.

சரி, சோதனை எப்படி?

1. பொடியிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க வேண்டும்.

2. அதில் குறிப்பிட்ட ஒரு துண்டை மட்டும் பி.சி.ஆர். கருவியில் பெருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அது இரட்டிக்கும். 30 சுற்று முடிந்தால், கணக்குப்படி ஒன்று நூறு கோடிக்கு மேல் ஆகிவிடும்!

3. அத்துண்டின் ஏ, டி, ஜி, சி எழுத்து வரிசையைப் படித்து, பெயர் தெரிந்த செடிகளின் வரிசையோடு ஒப்பிட வேண்டும்.

இதைத்தான் டி.என்.ஏ. பார்கோடு என்கிறோம். தாவரங்களுக்கு ஆர்.பி.சி.எல்., மேட்.கே. என்ற இரு பசுங்கணிக மரபணுக்கள் 2009-இல் பரிந்துரைக்கப்பட்டன. மூலிகைகளுக்கு ஐ.டி.எஸ்.2 என்ற பகுதியும் பயன்படுகிறது.

ஆனால் இதுவும் சர்வரோக நிவாரணி அல்ல. கஷாயமாகக் காய்ச்சினால் டி.என்.ஏ. சிதைந்துவிடும். வேரா இலையா என்று சொல்லாது. மருந்துச் சத்து எவ்வளவு என்றும் சொல்லாது. அதற்கு வேதிச் சோதனைதான் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தீர்ப்பு என்பது என் கருத்து.

டிப்ளமா படிக்கும் நமக்கு இதில் என்ன வேலை? நிறையவே இருக்கு! பக்கத்து மாதிரியின் தூசி ஒட்டினால் அதுவும் சேர்ந்து பெருகிவிடும். ஆகவே, மாதிரி போடாத வெற்றுக் குழாய் ஒன்றையும் கூடவே ஓட்ட வேண்டும். அதில் எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் அன்றைய முடிவு முழுவதும் குப்பைக்கு! சுத்தமான கையும் சரியான லேபிளும் இல்லையென்றால் எத்தனை லட்ச ரூபாய்க் கருவியும் தவறான பெயரைத்தான் சொல்லும். அந்தப் பெயரை நம்பித்தான் ஒரு நோயாளி மருந்தை விழுங்குகிறார் என்பதை மறவோம்!