ஒளிக்கோலம்

கார்த்திகைத் திருநாளில் சிற்றூர்ச் சிறுவர் மாவலி சுற்றுவது வழக்கம். பனம்பூக் கரியைத் துணியிற் பொதிந்து, நெருப்பிட்டு, கயிற்றிற் கட்டி விரைவாகச் சுழற்றுவர். சுழல்வது சிறு நெருப்பே. காண்பவர் கண்ணுக்கோ அது முழு வட்டமாகத் தோன்றும். ஒளி இடம் பெயர்ந்த பின்னும் அதன் தோற்றம் நொடியின் ஒரு சிறு பங்களவு கண்ணில் தங்குவதே இதற்குக் காரணம். இக்கால லேசர் ஒளிக்காட்சியும் கண்ணின் இவ்வியல்பைத் துணையாகக் கொண்டதே.

லேசர் என்னும் சீரொளியை 1960-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் தியோடர் மைமன் முதன்முதலாக இயக்கிக் காட்டினார். ஒளிக்காட்சியில் இக்கதிர் இரண்டு சிறு கண்ணாடிகளின்மேல் பட்டுத் திரைக்குச் செல்கிறது. ஒரு கண்ணாடி கதிரை இடவலமாகத் திருப்பும். மற்றொன்று மேல்கீழாகத் திருப்பும். திரையில் விரைந்தோடும் ஒரே புள்ளிதான் மலராகவும் மயிலாகவும் காட்சி தருகிறது. கண்ணாடிகள் செல்ல வேண்டிய வழியைக் கலைஞர் கணினியில் முன்னரே வரைந்து வைப்பர்.

தேனி மாவட்டத்தில் பெரியகுளத்தை அடுத்துள்ள வடுகபட்டி, பூண்டு வணிகத்தால் பெயர் பெற்ற ஊர். அவ்வூர் மாணவி ஒருத்தி பூண்டு ஒன்றை ஒளியால் வரைய விரும்புகிறாள் என்று கொள்க. தாளுக்கு நேர்கோட்டுக் கருவி போதும். இரு முனைகளைக் குறித்தால் கோடு அமைந்துவிடும். பருத்த உடலுக்கு வளைகோட்டுக் கருவி வேண்டும். அதில் இரு முனைப் புள்ளிகளோடு, கோட்டைத் தம்பால் இழுக்கும் இரண்டு கட்டுப்பாட்டுப் புள்ளிகளும் உண்டு. அவற்றை நகர்த்த நகர்த்த வளைவு பருக்கும், சுருங்கும். இவ்வகை வளைகோடுகள் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சித்ரோயன் நிறுவனத்துப் பால் தெ கஸ்டெல்ஜோ, ரெனோ நிறுவனத்துப் பியர் பெசியே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவரால், மோட்டார் வண்டிகளின் உடலமைப்பை வரைவதற்காக உருவாக்கப்பட்டவை.

வரைந்த கோட்டை மென்பொருள் பல ஒளிப்புள்ளிகளாகப் பகுத்துக் கண்ணாடிகளுக்கு அனுப்பும். கருவி ஒன்று நொடிக்கு 30,000 புள்ளிகளைக் காட்ட வல்லதாயின், 1,000 புள்ளிகள் கொண்ட ஓவியம் நொடிக்கு 30 முறை திரையில் தோன்றும். 3,000 புள்ளிகளை நிரப்பினால் 10 முறையே தோன்றும். ஓவியம் கண்முன் துடிக்கத் தொடங்கும். எனவே, மிகுதியாக வரைவது அழகைக் கூட்டாது; உள்ளதையும் கெடுக்கும்.

மேலும், கண்ணாடிக்கு எடையுண்டு. அது சட்டெனத் திரும்பாது. ஆகவே, கூர்மூலைகளில் சில புள்ளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கதிரைச் சற்றே நிறுத்த வேண்டும். இல்லையேல் மூலை மழுங்கிவிடும். ஒரு கோட்டை விட்டு மற்றொன்றுக்குத் தாவும்போது ஒளியை அணைத்தாலும் காலம் செலவாகும். பூண்டின் வேர்களைத் தனித்தனிக் கோடுகளாக வரைந்தால் தாவல்கள் பெருகும். ஒரே நெளிகோடாக வரைந்தால் அவை குறையும்.

இவ்வறிவு தமிழகத்து வாயில்களுக்குப் புதிதன்று. சிக்குக் கோலமிடும் பெண்டிர், புள்ளிகளைத் தொடாமல் சூழ்ந்து செல்லும் கோட்டை, இயன்றவரை அறாமல் இழுத்துத் தொடங்கிய இடத்திலேயே முடிப்பர். அங்கும் புள்ளி கோட்டின்மேல் இல்லை. ஆயினும் கோட்டின் போக்கை அதுவே வரையறுக்கிறது. சென்னையைச் சேர்ந்த அறிஞர்களான கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களின் அமைப்பைக் கணினி இலக்கண முறையில் ஆராய்ந்து 1974-ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டனர்.

கோலமாவு குறைவாக இருக்கும் நாளிலும் தேர்ந்த கை நிறைந்த கோலம் இடும். ஒளிக்கலைஞருக்குக் குறைவாகக் கிடைப்பது காலம். எப்புள்ளியை வைப்பது, எதனை விடுவது என்று அறிந்தவரின் ஓவியமே திரையில் நடுங்காமல் நிற்கும்.