பஸ் தரையில் ஓர் ஓட்டை

அன்புள்ள கயல்,

குழந்தைகள் உரிமை பற்றிப் பேச்சுப் போட்டி, நாலு பாயிண்ட் வேண்டும் என்று கேட்டிருந்தாய். பாயிண்டுக்குப் பதிலாக, நீ தினமும் போகிற முடிச்சூர் பக்கம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்போது நீ பிறந்திருக்கக்கூட மாட்டாய்.

2012 ஜூலை 25. சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பஸ் பிள்ளைகளை வீட்டில் விட வந்துகொண்டிருந்தது. அதில் ஓர் இரண்டாம் வகுப்புச் சிறுமி. பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக அவள் சாலையில் விழுந்தாள். பின்சக்கரம் ஏறிவிட்டது. ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. வாங்கிய வண்டி அது! ஊர்மக்கள் ஆத்திரத்தில் பஸ்ஸைக் கொளுத்தினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டில் சிறப்பு விதிகள் வந்தன. மஞ்சள் நிறம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, பிள்ளைகளை ஏற்றி இறக்க ஓர் உதவியாளர். பள்ளி திறக்கும் முன் ஆர்.டி.ஓ. அதிகாரிகள் பஸ்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்திச் சோதிப்பது இதனால்தான்.

நல்ல விதிகள்தான், ஆனால் ஒரு சாவுக்குப் பிறகு வந்தவை. கும்பகோணத்திலும் 2004இல் 94 குழந்தைகள் பள்ளித் தீயில் கருகிய பிறகுதான் பள்ளிகளின் கீற்றுக்கொட்டகைகள் இறங்கின. நம் ஊரில் பள்ளிச் சட்டங்கள் பலவும் சாவு வீட்டிலிருந்துதான் புறப்படுகின்றன.

ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை 1992இல் இந்தியா ஏற்றது. கல்வி உரிமை, பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு. மேடையில் எல்லோரும் அவற்றைச் சொல்வார்கள். நீ 12ஆம் பிரிவைப் பேசு. தன்னைப் பாதிக்கும் எதிலும் கருத்துச் சொல்லவும், அந்தக் கருத்துக்கு உரிய மதிப்புப் பெறவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது அது. பஸ்ஸின் தரையை நாள்தோறும் பார்ப்பது யார்? இன்ஸ்பெக்டர் ஆண்டுக்கு ஒரு தடவை பார்க்கிறார், பிள்ளைகள் தினம் இரண்டு தடவை அதில் கால் வைக்கிறார்கள். பிள்ளைகள் சொல்வதைப் பெற்றோராவது பள்ளியில் எடுத்துச் சொல்லலாம்: 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கைப் பெற்றோருக்குத் தருகிறது. ஆனால் அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு அந்தக் குழு கட்டாயமில்லை. மஞ்சள் பெயின்ட் அடிப்பதைவிடக் காது கொடுத்துக் கேட்பது கஷ்டம் போலிருக்கிறது.

ஆகவே மேடையில் ஒன்றே ஒன்றைக் கேள்: ஒவ்வொரு பள்ளி பஸ்ஸிலும் பிள்ளைகள் எழுத ஒரு நோட்டு, வாரந்தோறும் தலைமையாசிரியர் அதைப் படித்துக் கையெழுத்தோடு பதில் எழுத வேண்டும் என்று. அப்படியே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் சொல்லிவிடு. பரிசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
மாமா