காவலரும் காலாவதியும்: விண்டோஸ் எக்ஸ்பி கற்றுத்தந்த பாடம்

2013 நவம்பரில் பெங்களூரு மாநகராட்சி வட்டத்தருகே ஓர் ஏடிஎம் அறையில் நிகழ்ந்த கொடிய தாக்குதலை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதன்பின், காவலர் இல்லாத ஏடிஎம்கள் பலவற்றைக் கர்நாடகக் காவல்துறை மூடச் செய்தது. கதவைப் பற்றிய அக்கவலை முற்றிலும் நியாயமானது. அதே மாதங்களில், இயந்திரத்தின் உள்ளே இருந்த மற்றொரு காவலும் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஏடிஎம் என்பது பணப்பெட்டகம் பொருத்திய கணினியே. அந்நாளில் நாடெங்கும் மிகப் பல ஏடிஎம்கள் விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தைக் கொண்டிருந்தன. 2001 அக்டோபர் 25 அன்று வெளிவந்த அதற்கு, மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பொது ஆதரவு 2009 ஏப்ரலிலும், பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8 அன்றும் முடிவுற்றன. (தமிழ் எழுத்துகளைச் சரிவரக் காண நிறுவல் குறுந்தகட்டைத் தேடியெடுத்த அனுபவம், எக்ஸ்பியைப் பயன்படுத்திய பலருக்கும் இருக்கும்.)

ஆதரவு முடிந்த மறுநாளும் கணினி முன்போலவே இயங்கும்; ஆபத்து கண்ணுக்குத் தெரியாததற்கு அதுவே காரணம். பழைய, புதிய பதிப்புகளுக்கு நிரல்வரிகள் பல பொதுவானவை. புதிய பதிப்பின் குறை ஒன்றுக்குத் திருத்தம் வெளியானதும், அதை ஆராய்வோர் அதே குறை பழையதில் எங்குள்ளது என்பதையும் அறிந்துகொள்கின்றனர். ஆகவே ஒவ்வொரு புதிய திருத்தமும் பழைய வீட்டுக்கு வழிகாட்டும் வரைபடமாகிவிடுகிறது. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ பரவியபோது இது வெளிப்படையாயிற்று. ஆதரவிலிருந்த பதிப்புகளுக்கு மார்ச்சிலேயே வந்துவிட்ட திருத்தம், எக்ஸ்பி பயனர் அனைவருக்கும் தாக்குதல் தொடங்கிய பின்னரே விதிவிலக்காக வழங்கப்பட்டது.

ஏடிஎம்மைப் பொறுத்தவரை வேறொரு வழியும் உண்டு. இயந்திரத்தின் மேற்பகுதியைத் திறந்து, பென்டிரைவைச் செருகித் தீநிரலை ஏற்றிவிட்டால், அட்டையே இன்றிப் பணம் வெளிவரச் செய்யலாம். இதை மனத்திற்கொண்டே 2018 ஜூன் 21 அன்று இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் காலக்கெடு விதித்தது. யுஎஸ்பி துளைகளை முடக்குவதும் பயோஸ் கடவுச்சொல் இடுவதும் ஆகஸ்டுக்குள் முடியவேண்டும். ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாறும் பணி செப்டம்பரில் 25 விழுக்காடு, டிசம்பரில் 50, 2019 மார்ச்சில் 75, ஜூனில் 100 என நிறைவேறவேண்டும்.

ஆதரவு முடிந்து நான்காண்டுகளுக்குப் பின் இக்கெடு வந்தது. தாமதம் என்றே நாம் கருதுகிறோம். எனினும் பணி எளிதன்று. புதிய இயங்குதளத்தைத் தாங்கும் நினைவகமும் செயலியும் வேண்டும். பணம் எண்ணும் பகுதியை இயக்கும் மென்பொருளை மீண்டும் சோதிக்கவேண்டும். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஆளனுப்பவேண்டியும் வரலாம். எக்ஸ்பியின் உடன்பிறப்பான, விற்பனை முனையங்களுக்குரிய ‘போஸ்ரெடி 2009’ மட்டும் 2019 ஏப்ரல் 9 வரை திருத்தங்களைப் பெற்றுவந்தது.

இப்போது அதே கேள்வி நம் வீட்டு மேசைக்கு வந்துள்ளது. விண்டோஸ் 10 பதிப்பின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அமைப்புகளில் ‘சிஸ்டம்’, அதனுள் ‘அபௌட்’ பகுதியைத் திறந்தால் உங்கள் பதிப்பு தெரியும். அது 10 எனில், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்துள்ளீர்களா என்று பாருங்கள். இல்லையெனில், மாற்றும்வரை இணையவழி வங்கிச் சேவையை அக்கணினியில் பயன்படுத்தாதீர்கள்.