பாடம் 9: வெறும் வயிறு

படிப்போம்

கவினின் பாட்டி மதுரையைச் சேர்ந்தவர். இப்போது டொரொன்டோவில் கவின் வீட்டில் வாழ்கிறார். சென்ற வாரம் பாட்டிக்கு இரத்தப் பரிசோதனை நடந்தது. இன்று அதன் முடிவு அம்மாவின் கைபேசிக்கு வந்தது. கவின் அதை வாங்கிப் பார்த்தான். சர்க்கரை 7.8 என்று இருந்தது. பாட்டியின் பழைய மதுரை அறிக்கையையும் எடுத்துப் பார்த்தான். அதில் 98 என்று இருந்தது.

“பாட்டி! உங்க சுகர் 98-ல இருந்து 7.8-க்கு இறங்கிடுச்சு! இனிமே நீங்க லட்டு சாப்பிடலாம்!”

“அப்படியா ராசா? உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்!” என்று பாட்டி லட்டு டப்பாவைத் திறந்தார்.

“அம்மா, கொஞ்சம் பொறுங்க. கவின், எண்ணுக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்கு?” என்று அம்மா கேட்டார்.

கவின் பார்த்தான். இரண்டு அறிக்கைகளிலும் அலகு வேறு வேறாக இருந்தது. அவனுக்குப் புரியவில்லை.

“ஏஐ-கிட்ட கேட்கலாமா, அம்மா?”

“கேட்கலாம். ஆனா இது பாட்டியோட ரிப்போர்ட். முதல்ல பாட்டிகிட்ட கேளு.”

பாட்டி சரி என்று தலையசைத்தார்.

“பாட்டியோட பேரு, பிறந்த தேதி, ஹெல்த் கார்டு எண் எதையும் போடாத. பரிசோதனையோட பேரு, எண், அலகு, இந்த மூணையும் விடாம போடு” என்றார் அம்மா.

ஏஐ பதில் சொன்னது. கனடாவில் சர்க்கரையை மில்லிமோலில் அளக்கிறார்கள். இந்தியாவில் மில்லிகிராமில் அளக்கிறார்கள். கனடா எண்ணை 18-ஆல் பெருக்கினால் இந்திய எண் கிடைக்கும்.

கவின் பெருக்கினான். 7.8 × 18 = 140.4.

“ஐயோ! குறையல, கூடியிருக்கு!”

பாட்டி டப்பாவை மெதுவாக மூடினார்.

கவின் மேலும் படித்தான். வெறும் வயிற்றில் 7.0 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு நோயாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள் என்று ஏஐ எழுதியிருந்தது. அவன் முகம் வாடியது.

“பயப்படாத. ஏஐ எண்ணை மட்டும்தான் பார்த்துச்சு. பாட்டியப் பார்க்கல. நாம சொல்லாதது அதுக்குத் தெரியாது. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?”

“பாட்டிக்கு!” என்றான் கவின். “பாட்டி, அன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?”

“ஒண்ணுமே சாப்பிடலப்பா. எழுந்ததும் ஒரு டம்ளர் காப்பி குடிச்சேன். அவ்வளவுதான்.”

“சர்க்கரை போட்டா?”

“ரெண்டு ஸ்பூன்!”

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். “நர்ஸ் இங்கிலீஷ்ல கேட்டப்போ, வெறும் வயிறுதான்னு நான் சொல்லிட்டேன். உங்கள ஒரு வார்த்தை கேட்கல, அம்மா.”

“தமிழ்ல கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே!” என்று பாட்டி சிரித்தார்.

கவின் ஒரு தாளில் காப்பி குடித்ததை எழுதினான். ‘மறுபடி பரிசோதனை செய்ய வேண்டுமா?’ என்ற கேள்வியையும் எழுதினான். மருத்துவர் அதைப் படித்துவிட்டு, மீண்டும் பரிசோதனை செய்யச் சொன்னார். “எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீர் மட்டும் குடிக்கலாம்” என்றார். கவின் அதைப் பாட்டிக்குத் தமிழில் சொன்னான்.

இந்த முறை 5.4 வந்தது. அன்று மாலை பாட்டி டப்பாவைத் திறந்தார். ஒரு லட்டை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியைக் கவினிடம் கொடுத்தார்.

சொற்பொருள்

வெறும் வயிறு – எதுவும் சாப்பிடாத வயிறு
அலகு – அளக்கப் பயன்படும் அளவு (மீட்டர், கிராம் போன்றவை)
நீரிழிவு – சர்க்கரை நோய்
உன் வாய்க்குச் சர்க்கரை போடணும் – நல்ல செய்தி சொன்னவரிடம் மகிழ்ச்சியாகச் சொல்வது

நினைவில் கொள்வோம்

1. அறிக்கையைப் புரிந்துகொள்ள ஏஐ உதவும். ஆனால், அது சொன்னதை வைத்து மருந்தை நிறுத்தவோ மாற்றவோ கூடாது. மருத்துவரைக் கேட்க வேண்டும்.
2. நெஞ்சு வலித்தாலோ மூச்சு விட முடியாமல் போனாலோ, ஏஐ-யிடம் கேட்டு நேரத்தை வீணாக்கக் கூடாது. உடனே பெரியவரைக் கூப்பிட வேண்டும். அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. பாட்டியின் சர்க்கரை குறைந்துவிட்டது என்று கவின் ஏன் நினைத்தான்?
2. ஏஐ-க்குத் தெரியாத எந்தச் செய்தி பாட்டிக்குத் தெரிந்திருந்தது?
3. 5.4 என்பது மதுரை அறிக்கையின் அலகில் எவ்வளவு? பெருக்கிப் பார்க்க.

ஆ. எழுத்துத் தமிழில் மாற்றுக.
எ.கா: ஒண்ணுமே சாப்பிடல – ஒன்றுமே சாப்பிடவில்லை
1. இறங்கிடுச்சு 2. அன்னைக்கு 3. உங்கள கேட்கல

இ. பேசிப் பழகுக.
உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், “இன்னைக்கு உடம்பு எப்படி இருக்கு?” என்று கேளுங்கள். அவர் சொன்னதை வகுப்பில் சொல்லலாமா என்றும் கேளுங்கள். சரி என்றால், மூன்று வரிகளில் எழுதி வாருங்கள்.