சிறு பொதியும் பெரிய சந்தையும் – பண்ட உத்தி பற்றி ஓர் ஆய்வு

ஒரு பண்டம் சந்தையில் வெற்றி பெறுவதற்குக் காரணம் யாது? தரம் என்பர் சிலர். விலை என்பர் வேறு சிலர். எல்லாம் விளம்பரத்தின் வேலைதான் என்று அடித்துச் சொல்வாரும் உளர். வணிகவியல் மாணவர்களாகிய நாம் இவ்வினாவுக்குத் தேர்வில் விடையெழுதும்போது, மெக்கார்த்தி என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1960ஆம் ஆண்டு தம் நூலில் வகுத்துக் கொடுத்த பண்டம், விலை, இடம், விற்பனைப் பெருக்கம் என்ற நான்கையும் வரிசையாக எழுதுவோம். ஒவ்வொன்றின் கீழும் ஐந்து வரி சேர்ப்போம். மதிப்பெண் கிடைத்துவிடும். நானும் அப்படி எழுதி வாங்கியவன்தான். ஆனால் இந்த நான்கும் நான்கு தனித்தனி அறைகள் அல்ல என்பதை எனக்குக் கற்பித்தது பாடநூல் அன்று. எங்கள் ஊரில் என் தந்தையார் நடத்தும் பெட்டிக்கடையில், முன்புறக் கம்பியில் தொங்கும் ஷாம்புச் சரமே.

பண்ட உத்தி என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாருக்காக இப்பொருளைச் செய்கிறோம், அவருடைய எந்தக் குறையைத் தீர்க்கிறோம், அதற்காக எவற்றைச் செய்யாமல் விடப் போகிறோம் என்பவற்றை உற்பத்திக்கு முன்பே முடிவு செய்துகொள்வதுதான் அது. மூன்றாவதைப் பலர் மறந்து விடுகின்றனர். எல்லோருக்கும் எல்லாமுமாக ஒரு பொருளைச் செய்யப் புகுந்தால் அது யாருக்கும் பொருந்தாமல் போகும்.

இதற்குச் சான்று தேட நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. கடலூர் வரை போனால் போதும். அவ்வூரில் வாழ்ந்த சின்னிகிருஷ்ணன் என்பவர் மருந்துப் பொருள்களையும் முகப்பவுடர் போன்றவற்றையும் சிறு சிறு பொதிகளில் அடைத்து விற்க முயன்றவர். பெரிய டப்பாவாக வாங்க வசதியற்ற கூலித் தொழிலாளியும் ரிக்ஷாக்காரரும் தாம் செய்யும் பொருளை வாங்க முடிய வேண்டும் என்பது அவர் எண்ணம். எண்ணம் பெரிது, ஆனால் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் விற்பனை வலிமை அவரிடம் இல்லை. அவர் மறைந்த பின்னர் அவர் மக்கள் வெல்வெட் என்னும் ஷாம்புவைச் சிறு பொதியில் சந்தைக்குக் கொண்டுவந்தனர். பின்னர் மகன்களுள் ஒருவரான சி. கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து விலகி, 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியே தொழில் தொடங்கினார். தந்தையின் பெயரைச் சுருக்கித் தம் ஷாம்புக்கு 'சிக்' என்று பெயரிட்டார். அந்நிறுவனமே 1998 முதல் கெவின்கேர் என்று வழங்குகிறது.

அந்நாளில் ஷாம்பு என்பது புட்டியில் வரும் பொருள். நகரத்துக் குளியலறைப் பொருள். கிராமத்தில் தலைக்குச் சீயக்காய் உண்டு, அரப்பு உண்டு. அவசரத்திற்குத் துணி சோப்பும் உண்டு. ஆகவே 'சிக்'கின் மெய்யான போட்டியாளர் மற்றொரு ஷாம்பு மட்டும் அன்று. அம்மியில் அரைத்த சீயக்காயும் போட்டியாளரே. ஒரு மாதத்துக்கான ஷாம்புப் புட்டியை மொத்தமாக வாங்க நாட்கூலி பெறும் குடும்பத்தால் இயலாது. ஆனால் சனிக்கிழமை ஒருநாள் தலைமுழுக்குக்கு வேண்டிய அளவை வாங்க இயலும். ஈண்டு ஒன்றை நோக்க வேண்டும். பொதியின் அளவைத் தீர்மானித்த அக்கணமே விலையும் தீர்மானமாகிவிட்டது. விலை தீர்மானமானதும் அது விற்கும் இடமும் தீர்மானமாகிவிட்டது. ஏனெனில் சில்லறைக் காசுக்கு விற்கும் பொருள் பெட்டிக்கடைக்குத்தான் பொருந்தும். கடைக்காரருக்கும் அது இசைந்தது. அலமாரியில் இடம் வேண்டாம், ஒரு சரத்துக்குப் போட்ட முதல் இரண்டொரு நாளில் திரும்பிவிடும். நான்கு தலைப்புகளாக நாம் மனப்பாடம் செய்வதெல்லாம் ஒரு விரலகலப் பொதிக்குள் ஒன்றாகிக் கிடக்கின்றன.

பொதி மட்டும் போதுமா? போதாது, வேறு நிறுவனங்களும் பொதி விற்றன. இங்கேதான் ரங்கநாதனின் இரண்டாவது உத்தி வருகிறது. எந்த நிறுவனத்தின் ஷாம்புவாயினும் ஐந்து காலிப் பொதிகளைக் கொண்டுவந்தால் ஒரு 'சிக்' பொதி இலவசம் என்று அறிவித்தார். இதன் நுட்பத்தைக் கடைக்காரர் மகனாக நான் வியக்கிறேன். போட்டியாளரின் வாடிக்கையாளர் யார் யார் என்று தேடி அலைய வேண்டியதில்லை. அவர்களே காலிப் பொதியுடன் கடை தேடி வருகின்றனர். மக்கள் சுவை பார்த்துப் பழகிய பின்பு திட்டத்தை மாற்றி, ஐந்து 'சிக்' காலிப் பொதிகளுக்கே ஒன்று இலவசம் என்றார். அதன் பின்னர் கடையில் வந்து பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கினர். ஊர்களில் கூட்டம் கூட்டி, ஒரு சிறுவன் தலையில் ஷாம்பு தேய்த்துக் குளிப்பாட்டி, நின்றவர்களைத் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் செய்தனர். மல்லிகை, ரோஜா மணங்களில் வந்த பின் விற்பனை பன்மடங்கு ஏறியது. தலையில் பூச்சூடும் மக்களுக்குப் பூமணத்தைக் கொடுத்தது எத்தகைய பொருத்தம்! எங்கள் கடைக்கு வரும் பாட்டி ஒருவர் இன்றும் எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்வதில்லை. "தம்பி, அந்த மல்லிப்பூ வாசம் ஒண்ணு கொடு" என்றுதான் கேட்பார்.

சீயக்காயை வெல்ல முடியாத வீடுகள் உண்டு என்பதையும் அந்நிறுவனம் உணர்ந்திருந்தது. ஆதலால் மீரா என்ற பெயரில் சீயக்காய்த் தூளையே விற்றது. போட்டியாளரை ஒழிப்பதைவிடப் போட்டியாளராகவே ஆகிவிடுவதும் ஓர் உத்திதானே!

விலை குறைவாயிருந்தால் எல்லாம் விற்கும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடலாகாது. 2008இல் டாட்டா நிறுவனம் ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று நானோவை அறிமுகம் செய்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 2009இல் விற்பனைக்கு வந்தது. பத்தாண்டுக்குள் அதன் உற்பத்தி அடங்கிவிட்டது. தொழிற்சாலையை மேற்கு வங்கத்திலிருந்து குஜராத்துக்கு மாற்ற நேர்ந்தது உள்ளிட்ட இடர்கள் பல இருந்தன; ஆயினும் 'மிக மலிவான கார்' என்ற பெயரே அதற்குப் பகையாயிற்று என்று பலரும் கூறுவர். ஷாம்புவை வீட்டுக்குள் தேய்த்துக் குளிக்கிறோம். காரையோ வீட்டுக்கு வெளியே, ஊரார் காண நிறுத்துகிறோம். மலிவு என்ற சொல் முன்னதில் உதவி, பின்னதில் ஏளனம்.

பொதியின் விலையைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள் உள. இவை எந்தப் பாடநூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை. கடையில் உட்கார்ந்து கண்டவை. முதலாவது, பொதியின் விலை ஒரே நாணயமாக இருக்க வேண்டும். மூலப்பொருள் விலை பத்து விழுக்காடு ஏறினால் ஒரு ரூபாய்ப் பொதியை ஒரு ரூபாய் பத்துக் காசுக்கு விற்க இயலுமா? உள்ளே இருக்கும் அளவைத்தான் குறைக்க முடியும். 1990களின் இறுதியில் 'சிக்' ஐம்பது காசுப் பொதியாக வந்து கிராமங்களைப் பிடித்தது. 2011இல் இருபத்தைந்து காசு நாணயம் செல்லாதாயிற்று. ஐம்பது காசு சட்டப்படி செல்லுமெனினும் கடைகளில் யாரும் வாங்குவதில்லை. அந்த நாணயத்தோடு அந்த விலையும் மறைந்தது. பண்ட உத்தியை நாணயச் சாலையும் எழுதுகிறது என்றால் மிகையாகாது.

இரண்டாவது, மொத்தமாக வாங்கினால் மலிவு என்ற பொது விதி ஷாம்புவில் தலைகீழாகிவிடுகிறது. ஒரு ரூபாய்ப் பொதியில் 5 மி.லி. என்று கொண்டால் 100 மி.லி.க்கு 20 ரூபாய்தான். அதே அளவுப் புட்டிக்குப் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவே கொடுக்க வேண்டியிருக்கிறது. பொதிச் சந்தையில் போட்டி கடுமை. புட்டி வாங்குவோர் வசதிக்காகக் கூடுதல் கொடுக்கத் தயங்குவதில்லை. இதைக் கண்டுகொண்ட எங்கள் தெரு ஆசிரியை ஒருவர் மாதந்தோறும் முழுச் சரமாக வாங்கிப்போய், வெட்டிப் பழைய புட்டியில் ஊற்றி வைத்துக்கொள்கிறார். அவர் கணித ஆசிரியை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கோவையில் பிறந்த நிர்வாகவியல் அறிஞர் சி. கே. பிரகலாத் 2004இல் வெளிவந்த தம் நூலில், ஏழை மக்களையும் மதிப்புள்ள நுகர்வோராகக் கருதித் தொழில் நிறுவனங்கள் பண்டங்களை வகுக்க வேண்டும் என்று வாதிட்டார். சிறு பொதி அதற்கு நல்ல எடுத்துக்காட்டாயிற்று. அனீல் கர்னானி என்ற பேராசிரியர் இதை மறுத்தார். சிறு பொதி ஏழையின் வருமானத்தை உயர்த்துவதில்லை, குப்பையை மட்டும் பெருக்குகிறது என்பது அவர் கட்சி. வகுப்பில் இவ்விருவர் கருத்தையும் விவாதித்தபோது நான் பிரகலாத் பக்கம் நின்று பேசினேன். பெட்டிக்கடை வருமானத்தில் படிப்பவன் வேறு எப்படிப் பேசுவேன்? நாட்கூலி பெறுபவருக்கும் தாம் விரும்பியதை வாங்கும் மரியாதை கிடைத்தது என்ற என் வாதத்தை இப்போதும் கைவிடவில்லை. ஆனால் மறுகட்சியின் பின்பாதிக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை.

சென்ற டிசம்பரில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஓர் ஊர் வாய்க்காலைத் தூர்வாரினோம். மண்வெட்டியில் மண்ணோடு வந்தவை பெரும்பாலும் பொதிகளே. ஷாம்பு, ஊறுகாய், காப்பித்தூள், பாக்கு என்று தனித்தனியே எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டோம். ஒரு கோணி நிறைந்தது. அதைப் பழைய சாமான் கடைக்குத் தூக்கிச் சென்றோம். கடைக்காரர் கையை விட்டு அளைந்து பார்த்துவிட்டு, "பால் கவரா இருந்தா எடை போட்டு எடுத்துக்குவேன் தம்பி, இது உருக்கினா ஒண்ணும் தேறாது" என்றார். அவர் சொன்னது வேதியியல்படியும் சரியே. பால் உறை பாலித்தீன் என்ற ஒரே பொருளால் ஆனது. ஷாம்புப் பொதியோ மணமும் ஈரமும் வெளியேறாதபடி வெவ்வேறு பிளாஸ்டிக் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்தது. பிரித்து உருக்க இயலாது. எந்தக் குணம் அதைக் கம்பியில் மாதக்கணக்கில் கெடாமல் தொங்கவிட்டதோ அதுவே வாய்க்காலிலும் கெடாமல் வைத்திருக்கிறது. உறைகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை 2016ஆம் ஆண்டு விதிகள் உற்பத்தியாளர் மீது சுமத்தியுள்ளன. ஆயினும் எங்கள் கடைக்குக் காலிப் பொதி கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை.

காலிப் பொதிக்கு விலை வைத்து ஒரு நிறுவனம் ஊர் ஊராக அதை வாங்கியது 1980களில் நடந்தது என்பதை மேலே கண்டோம். அன்று நோக்கம் வேறு. போட்டியாளரின் வாடிக்கையாளரைக் கவர்வது. எனினும் குழந்தைகள் தெருவில் கிடந்த பொதியைக் குனிந்து எடுத்திருப்பார்கள் அல்லவா? ஐந்துக்கு ஒன்று என்ற அக்கணக்கு இன்றைய விலையில் ஒரு நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகுமா, பத்துக்கு ஒன்று என்றால் ஆகுமா, கடைக்காரருக்கு எவ்வளவு கழிவு கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை இறுதியாண்டுத் திட்டக் கட்டுரைக்காக இப்போது கணக்கிட்டு வருகிறேன். கோணியை எறிய மனம் வரவில்லை. நம் துறைக்குப் பின்னுள்ள சைக்கிள் கொட்டகையில் வைத்திருக்கிறேன்.